பட்டறை பதில்கள்: பாதி சிலிண்டரை நிறுத்தும் ராக்கர் ஆர்ம்

கேள்வி: நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது சில சிலிண்டர்கள் தேவையில்லை என்றால், அவற்றுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மட்டும் நிறுத்தினால் போதாதா? வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கர் ஆர்மையும் ஏன் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும்?
(ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவர், மதுரை)

பதில்: போதாது. பெட்ரோல் நின்றாலும் வால்வுகள் திறந்து மூடினால், பிஸ்டன் காற்றை இழுத்து சைலன்சர் பக்கம் தள்ளிக்கொண்டேயிருக்கும். காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் முக்கால்வாசி மூடியிருக்கும் நிலையில் அந்தக் காற்றை இழுக்கவே சக்தி செலவாகிறது. நாம் மிச்சப்படுத்த நினைப்பது அந்தச் சக்தியைத்தான். இன்னொரு கெடுதலும் உண்டு. எரியாத காற்று, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் குளிரவைக்கும். அதில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்து சென்சார், 'பெட்ரோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டருக்குத் தவறாகச் சொல்லும்.

காற்றை உள்ளே விடும் இன்டேக், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் மூடியே கிடந்தால் உள்ளே சிக்கிய காற்று ஸ்பிரிங் போல நடந்துகொள்ளும். பிஸ்டன் ஏறும்போது வாங்கிய சக்தியை இறங்கும்போது பெரும்பகுதி திருப்பித் தந்துவிடும். வேலை செய்கிற சிலிண்டர்கள் கூடுதல் சுமை ஏற்பதால் த்ராட்டிலும் அகலமாகத் திறக்கும், இழுவை நஷ்டம் குறையும்.

இதற்காக ராக்கர் ஆர்மை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று கேமை (சுழன்று ராக்கர் ஆர்மைத் தள்ளும் மேடுள்ள தண்டு) தொடும், மற்றது வால்வைத் தொடும். நடுவே ஒரு பூட்டு பின். பின் உள்ளே இருந்தால் இரண்டும் ஒரே ஆர்ம். ஆயில் அழுத்தம் பின்னை நகர்த்தினால் கேம் பக்கத்து ஆர்ம் மட்டும் தனியே ஆடும், வால்வு அசையாது.

பின் எப்போது நகரலாம் என்பதில்தான் சிக்கல். வால்வு திறந்திருக்கும்போது ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் பின்னைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கேமின் மேடு தாண்டிய பிறகே அது நகர முடியும். 3,000 ஆர்.பி.எம்.மில் கேம் ஒரு சுற்று சுற்ற 40 மில்லி செகண்ட். வால்வு திறந்திருக்கும் நேரம் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, கேமின் ஒரு சுற்றுக்கு இது இரண்டு சுற்று) கணக்கில் 240 டிகிரி என்று வைத்தால், அதற்கு 13 மில்லி செகண்ட் போக மீதி சுமார் 27. அதற்குள் பின் முழுதாக உள்ளேயோ முழுதாக வெளியேயோ போயாக வேண்டும். ஃபோர்டின் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் ஒரு சிலிண்டரை நிறுத்தவோ எழுப்பவோ ஆகும் நேரம் 14 மில்லி செகண்ட் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. பின் பாதியில் நின்றால் சுமை விழுந்ததும் தெறித்து விடுபடும். அப்படி அடிக்கடி நடந்தால் பின்னின் விளிம்பும் துளையின் விளிம்பும் மழுங்கி, பிறகு சரியான நேரத்தில்கூடப் பூட்டு பிடிக்காது. ஆயில் குறைந்து நுரை கலந்தாலோ, தடிமனான ஆயில் ஊற்றினாலோ முதலில் கெடுவது இந்த நேரக் கணக்குதான்.

கேள்வி: 2012 ஹோண்டா ஒடிசி ஒன்று பழைய வண்டியாக விலைக்கு வருகிறது. சிலிண்டர் நிறுத்தும் அந்த வி6 எஞ்சின் ஆயில் குடிக்கும் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகர், ஸ்கார்பரோ, கனடா)

பதில்: பயம் காரணமில்லாதது அல்ல, ஆனால் எல்லா வண்டியும் அப்படியில்லை. அந்த 3.5 லிட்டர் எஞ்சின் சுமையைப் பொறுத்து 6, 4, 3 என்று சிலிண்டர்களை மாற்றும். மூன்றில் ஓடும்போது பின்வரிசை முழுவதும் (1, 2, 3) நிற்கும். நான்கில் ஓடும்போது வரிசைக்கு ஒன்று நிற்கும். 5, 6 இரண்டும் எப்போதும் உழைப்பவை.

நின்ற சிலிண்டரில் சிக்கிய காற்று கசிந்து குறையக் குறைய, பிஸ்டன் கீழே வரும்போது வெற்றிடம் உண்டாகும். அது கிராங்க் பக்கத்து ஆயிலை, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக மேலே இழுக்கும். ரிங்குகள் சுழன்று அவற்றின் வாய்கள் ஒரே நேராக வந்துவிட்டால் ஆயிலுக்கு நேர்வழி கிடைத்துவிடும். பிளக்கில் கரி படிந்து மிஸ்ஃபயர் ஆகும், அதாவது அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாது. 2008–2013 ஒடிசி, 2009–2013 பைலட், 2008–2012 அக்கார்ட் வி6 ஆகியவற்றுக்காக அமெரிக்காவில் நீதிமன்ற சமரசம் ஏற்பட்டு, இந்த மிஸ்ஃபயருக்கான உத்தரவாதம் 8 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அதில் சொல்லப்பட்ட கோடுகள் (வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறுக் குறியீடுகள்) பி0301 முதல் பி0304 வரை, அதாவது ஓய்வெடுக்கும் சிலிண்டர்கள் மட்டும். அந்தக் கெடு இப்போது முடிந்துவிட்டது, செலவு உங்களுடையது.

ஆகவே விலை பேசும் முன் ஆறு பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். 5, 6 வெளிர் பழுப்பாகவும், 1 முதல் 4 வரை ஏதாவது ஒன்று கறுத்து ஈரமாகவும் இருந்தால் ரிங் வேலை காத்திருக்கிறது. பின்வரிசையில் கை நுழைய இடம் குறைவு என்பதால் மெக்கானிக் முன்வரிசையோடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்பார். விடாதீர்கள், விஷயம் பின்வரிசையில்தான் இருக்கிறது.

அடுத்து டிப்ஸ்டிக். ஆயில் கீழ்க் குறிக்கும் கீழே இருந்தால் உரிமையாளர் கவனிக்கவில்லை என்று பொருள். ஃபில்டரோடு மாற்றினால் இந்த எஞ்சினுக்கு 4.3 லிட்டர் 0டபிள்யூ-20 ரக ஆயில். ஸ்கேனரில் பி3400 அல்லது பி3497 கோடு வந்தால் சிலிண்டர் நிறுத்தும் அமைப்பில் குறை என்று பொருள். உடனே ராக்கர் ஆர்மைப் பிரிக்க வேண்டாம். முதலில் ஆயில் அளவு, பிறகு பூட்டு பின்னுக்கு ஆயில் அனுப்பும் ஸ்பூல் வால்வின் சிறு வலை ஃபில்டர், பிறகு ஆயில் பிரஷர் சுவிட்ச் என்று மலிவானதிலிருந்து போங்கள். ஸ்பூல் வால்வு கேஸ்கெட் கசிந்தால் ஆயில் ஆல்டர்னேட்டர் மேல் சொட்டும், சில டாலர் கேஸ்கெட்டுக்காக ஆல்டர்னேட்டரே போகும். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

கேள்வி: அதே எஞ்சினில் டேப்பெட் செட் செய்யும்போது (வால்வுக்கும் ராக்கர் ஆர்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும்போது) தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?
(மெக்கானிக், மிசிசாகா, கனடா)

பதில்: அளவு வழக்கமானதுதான்: இன்டேக் 0.20–0.24 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.28–0.32 மி.மீ. சிலிண்டர் ஹெட் 38 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். முதல் சிலிண்டரை டாப்பில் வைத்துத் தொடங்கி, கிராங்கை வலஞ்சுழியாக 120 டிகிரி வீதம் திருப்பி 1-4-2-5-3-6 வரிசையில் போங்கள். லாக் நட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர்.

நிறுத்தக்கூடிய சிலிண்டர்களில் ஸ்க்ரூ வால்வு பக்கத்து ஆர்மில் இருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைக்கும் முன் இரண்டு ஆர்மும் ஒன்றாக அசைகின்றனவா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். தனித்தனியே ஆடினால் பூட்டு விழவில்லை. அந்த நிலையில் எடுக்கும் அளவு பொய். அதை நம்பி இறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகும்.

கேள்வி: யமஹா ஆர்15 வி3 பைக்கின் வி.வி.ஏ.வும் (வால்வின் இயக்கத்தை மாற்றும் அமைப்பு) இதே வேலையைத்தான் செய்கிறதா?
(வாசகர், ஓசூர்)

பதில்: பூட்டு பின் யோசனை ஒன்று, நோக்கம் வேறு. அங்கே எந்த வால்வும் நிற்பதில்லை. 7,400 ஆர்.பி.எம்.மில் மின்சார சாலினாய்டு பின்னைத் தள்ளி, இன்டேக் வால்வுகளை உயரமான கேமுக்கு மாற்றுகிறது. இருசக்கர வண்டியில் வால்வையே நிறுத்திய ராக்கர் ஆர்மைப் பார்க்க வேண்டுமென்றால் 1983-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சி.பி.ஆர்.400எஃப்-ஐத் தேடுங்கள். 9,500 ஆர்.பி.எம். வரை சிலிண்டருக்கு இரண்டு வால்வு, அதற்கு மேல் நான்கு.

கேள்வி: காடிலாக் 1981-இலேயே இதைச் செய்து தோற்றதாகப் படித்தேன். ராக்கர் ஆர்ம் உடைந்ததா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை, அந்த இயந்திரப் பகுதி நன்றாகவே உழைத்தது. அந்த வி8-6-4 எஞ்சின் 6.0 லிட்டர், வால்வு நிறுத்தும் பாகங்கள் ஈட்டன் நிறுவனத்துடையவை. ராக்கர் ஆர்மைப் பிளக்காமல், அதன் நடு அச்சைப் பிடித்திருந்த தடையை சாலினாய்டு விலக்கும். அச்சு தளர்ந்ததும் ஆர்ம் வால்வு முனையை ஊன்றி ஆடும், வால்வு மூடியே இருக்கும். எளிமையான, அழகான ஏற்பாடு. காலை வாரியது அன்றைய கம்ப்யூட்டரின் வேகம். 8, 6, 4 என்று மாறும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. பல உரிமையாளர்கள் வயரைப் பிடுங்கிவிட்டு எட்டு சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். 1981-க்குப் பிறகு அது லிமோசின்களில் மட்டும் சில ஆண்டுகள் தொடர்ந்தது.

கேள்வி: அந்த ஹோண்டா வி6-இல் சிலிண்டர் நிற்காமலே ஓட, எஞ்சின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரில் ரெசிஸ்டர் போடலாமா?
(வாசகர், டொரொண்டோ)

பதில்: எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும் வேலை அது. சிலிண்டர் நிற்காது, உண்மைதான். ஆனால் ரெசிஸ்டர் மதிப்பு அதிகமானால் பி0128 கோடு வரும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். அதைவிட முக்கியம், எஞ்சின் நிஜமாகவே கொதித்தாலும் மீட்டர் குறைத்துக் காட்டும். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கைவைப்பது சட்டச் சிக்கலும் கூட. ஏற்கெனவே ஒட்டிய ரிங்கை இது விடுவிக்காது. நாங்கள் சொல்வது: ஆயிலை மேல் குறி வரை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்து, ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் டிப்ஸ்டிக் பாருங்கள். இரு குறிகளுக்கு இடையே சுமார் ஒரு லிட்டர். 2,000 கிலோமீட்டருக்குள் கீழ்க் குறிக்கு வந்துவிட்டால், ரெசிஸ்டருக்குத் தரும் பணத்தை, சிலிண்டரில் காற்று கசிகிறதா என்று காட்டும் கம்ப்ரஷன் மற்றும் லீக்-டவுன் சோதனைக்குக் கொடுங்கள்.