திருகோணமலையில் வண்டில் கடை, சின்னக் கடைகளில் பிள்ளைகளோடு நம்பிச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், வயது நாற்பத்தைந்தாகிறது, இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாளாவது இரவுச் சாப்பாடு கடையில்தான். கேள்வியின் கீழே "ரோட்டோரக் கடைகளில் யார் வீட்டில் என்ன தண்ணியில் செய்கிறார்களோ" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர் இதைக் கேட்பதில் பிழை இல்லை, அநேகமாக நீங்கள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறீர்கள், கொஞ்ச நாளில் ஒரு நாள் வயிற்றால் போனாலும் பயணமே கெட்டுவிடும். ஆனால் அதே வசனத்தை என் பதினான்கு வயதில் ஒரு கடை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அம்மா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவர். எங்கள் சின்னக் கடைகளில் இரவில் கிடைக்கும் இடியப்பத்தை எல்லாக் கடையும் தானே அவிப்பதில்லை. பல கடைகளுக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் பெண்கள் அவித்து எண்ணிக் கொடுக்கிறார்கள். அம்மா பகல் 2 மணிக்கு மா குழைக்கத் தொடங்குவார். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணியை விட்டு அகப்பைக் காம்பால் கிண்டி, ஆறுவதற்குள் கையால் பிசைந்துவிட வேண்டும், ஆறினால் இடியப்ப உரலில் பிழிபடாது, அறுந்து அறுந்து விழும். அதனால் உள்ளங்கை எப்போதும் சிவந்தே இருக்கும். வலது பெருவிரலுக்குக் கீழே உரல் அழுத்தி அழுத்தி வந்த ஒரு காய்ப்பு, இப்போதும் தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. ஒரு நாளைக்கு 250 இடியப்பம். கடகத்துக்குள் வாழையிலை விரித்து அடுக்கி, மேலே அவித்துத் தோய்த்த வெள்ளைத் துணி போட்டு, 5 மணிக்கு நான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவேன். அப்போது சண்டைக்காலம், சோதனைச் சாவடியில் துணியைத் தூக்கிக் காட்ட வேண்டும். அங்கே நின்ற ஆமிக்காரர் எத்தனையோ பேர், ஒருவர்கூட அந்தச் சாப்பாட்டில் கை வைத்ததில்லை.

ஒரு நாள் கடைக்குள் நான் கடகத்தை இறக்கும்போது, மேசையில் இருந்த ஒருவர், நல்ல சேட்டு போட்டவர், வெளியூர்க்காரர் போல, என்னையும் என் கால் செருப்பையும் பார்த்துவிட்டு முதலாளியிடம், "இதெல்லாம் யார் வீட்டில் என்ன தண்ணியில செய்யிறாங்களோ" என்றார். முதலாளி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. "தம்பி, இண்டைக்கு வேண்டாம், திருப்பிக் கொண்டு போ" என்றார். அன்றைக்கு அவருக்கு மட்டும் 120. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. துணியைத் தூக்கி ஒன்றை எடுத்து, விரலால் நீவி, தின்று பார்த்தார். பிறகு அயலில் நாலைந்து வீட்டுக்குக் கொடுத்து முடித்தார்.

அடுத்த நாள் காலையில் அடுப்பைக் கிளப்பினார். குசினி பின்வளவில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு முன் விறாந்தையில் மூன்று கல் வைத்து, பக்கத்தில் மூடி போட்ட தண்ணிக் குடம், கழுவிய இடியப்பத் தட்டுகளை வேலிக் கம்பியில் வெயிலில் வரிசையாகக் கொழுவி, ரோட்டால் போகிற எல்லோரும் பார்க்கிற மாதிரி அவிக்கத் தொடங்கினார். மழைக்குப் புகை முழுக்க வீட்டுக்குள்தான் வரும், எங்கள் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் புகை மணக்கும், ஆனாலும் மாற்றவில்லை. மூன்றாம் கிழமையோ நான்காம் கிழமையோ, சந்தைப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு நானா (முஸ்லிம் அண்ணரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சைக்கிளை நிறுத்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தங்கச்சி, எனக்கு நாளையிலிருந்து நூறு தர ஏலுமா?" என்று கேட்டார். அந்தக் கடைக்கு 11 வருடம் கொடுத்தோம். என் தங்கையின் படிப்பு அந்தக் காசில்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் கடை பார்க்கும் முறை அன்றிலிருந்து ஒன்றுதான்: கண்ணுக்கு முன்னால் சமைக்கிற இடமா? வண்டில் கடையில் மறைக்க இடமில்லை. ரொட்டிக்காரர் எண்ணெயில் ஊறிய மா உருண்டையை எடுத்து, வீசி, கல்லில் போட்டு, முட்டையும் மரக்கறியும் கறியும் சேர்த்து இரண்டு தகட்டால் கொத்துகிற வரைக்கும் எல்லாம் உங்களுக்கு முன்னால். (அந்தக் கோதுமை மா பெரும்பாலும் எங்கள் சீனக்குடா பிரீமா ஆலையிலிருந்து வருவது, அதுவும் எங்கள் ஊர்ச் சாமான்தான்.) அந்தச் சூட்டில் கொத்தி ஆவி பறக்கத் தட்டில் விழுகிற கொத்து ரொட்டியால் வயிறு கெடுவது அபூர்வம். எனக்கு வயிறு மோசமாகக் கெட்டது ஒரே ஒரு தரம், அதுவும் குளிரூட்டிய பெரிய மண்டபத்தில், மத்தியானம் 12 மணிக்கு வைத்த சோற்றையும் கறியையும் 3 மணிக்குச் சாப்பிட்டு. சமைத்த சாப்பாடு 60 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறிக் கிடந்தால்தான் கிருமி பெருகும். கண்ணாடிக் கதவு அதைத் தடுக்காது.

இதை வாசித்துவிட்டு "அப்போ எல்லா வண்டிலும் சுத்தமா?" என்று கீழே எழுத யாராவது வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரே வாளித் தண்ணியில் இரவு முழுக்கக் கோப்பை அலசுகிற கடையும் இங்கே இருக்கிறது, அங்கே நானும் சாப்பிடுவதில்லை. கவனிக்க வேண்டியது கொத்தை அல்ல, பக்கத்தில் வருவதைத்தான். தேங்காய்ச் சம்பலும் பால் விட்ட சொதியும் வெக்கைக்குச் சீக்கிரம் புளிக்கும், மணந்து பாருங்கள், சந்தேகம் என்றால் பருப்பையோ சூடான மீன் குழம்பையோ கேளுங்கள். ஐஸ் போட்ட சர்பத்தை விட்டுவிட்டுப் போத்தல் தண்ணீர் வாங்குங்கள், அல்லது பிளேன்டீ (பால் விடாத தேத்தண்ணி), அது கொதித்ததுதான். இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் போனால் சனம் நிறைய, சாமான் ஓடிக்கொண்டே இருக்கும், பழையது தங்காது.

இன்னொன்று, தேத்தண்ணிக் கடைகளில் நீங்கள் கேட்காமலே ரோல்ஸ், வடை, பற்றிஸ் எல்லாம் ஒரு தட்டு நிறைய மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும்தான் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். இந்தப் பழக்கத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன், பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், உங்கள் பிள்ளைகளுக்கு முதல் வேறு பிள்ளைகளும் தொட்டிருப்பார்கள். "தட்டு வேண்டாம் தம்பி, பெட்டிக்குள்ள இருந்து ரெண்டு ரோல்ஸ் எடுத்துத் தாங்க" என்று சொல்லுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். கூட வரும் உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) தின்னமாட்டார் என்றால் கொத்துக் கடையில் மரக்கறிக் கொத்து கேட்டும் பயனில்லை, அதே கல்லில்தான் மாட்டிறைச்சிக் கொத்தும் போடுவார்கள். அன்றைக்குச் சைவக் கடைக்குப் போய் தோசையோ இடியப்பமோ சாப்பிடுவது நல்லது.

கோயில் என்றதும் இதையும் எழுதாமல் விட முடியவில்லை. கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள்ளால்தான், அங்கே மான்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். அவை பக்கத்து டச்பே கடற்கரைக்கும் வரும். அந்தக் கடற்கரையில் பின்னேரம் வடையும் கடலையும் மிளகாய்த்தூள் போட்ட மாங்காயும் வாங்கித் தின்கிற சனம், "கடை சுத்தமா, கை கழுவினானா" என்று நூறு கேள்வி கேட்டுவிட்டு, சாப்பாடு சுற்றிய பொலித்தீனை அப்படியே மணலில் போட்டுவிட்டு வாகனத்தில் ஏறுகிறது. லஞ்ச் ஷீட் என்கிற அந்தப் பொலித்தீன் தாளை 2017 செப்டம்பர் 1 முதல் தடை செய்தார்கள், இன்றைக்கும் பறக்கிறது. சம்பல் உப்பு ஒட்டிய அந்தத் தாளை மான் மென்று விழுங்குகிறதை நான் ஒருநாள் காலையில் நின்று பார்த்திருக்கிறேன். பிடுங்கப் போனால் ஓடிவிட்டது, தாளோடுதான் ஓடியது. வண்டில்காரர் மூடும்போது தன் இடத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிறார், அதையும் பார்த்திருக்கிறேன். யார் அசுத்தம் என்று பேசுகிறபோது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை, ஒரு பையைக் கையோடு கொண்டுவாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது 71. அவிப்பதை விட்டுப் பல வருடம். நான் கடையில் இடியப்பம் வாங்கிப் போனால் முதலில் ஒன்றைத் தனியே எடுத்து, விரலால் நீவி, "மா ஆறிப் பிழிஞ்சிருக்கு" என்றோ "நல்ல கைக்காரிதான்" என்றோ சொல்லிவிட்டுத்தான் சொதி விடுவார். அவர் நல்லது என்று சொன்ன கடைக்குத்தான் நானும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன்.

பிறகு, மாதத்தைப் பார்த்து வாருங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே மழைக்காலம், கடல் கொந்தளிப்பு, மீன் விலை ஏறும், கடற்கரை வண்டில்கள் பாதி வராது. மே முதல் செப்டம்பர் வரைதான் பிள்ளைகளோடு வர நல்ல காலம். கொத்து சொல்லும்போது உறைப்பு வேண்டாம் என்று ரொட்டி கல்லில் விழுவதற்கு முதலே சொல்லிவிடுங்கள், கறியை ஊற்றிக் கொத்திய பிறகு சொல்லி ஒன்றும் செய்ய முடியாது.