கர்சர் நகர்கிறது, கட்டளை ஓடவில்லை: போர்டை மாற்றாதீர்கள்

கேள்வி: சேதராப்பட்டில் மோட்டார் கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். சீரியல் கேபிள் வழியாகக் கட்டளை அடிக்கும்போது, இடது அம்புக்குறியால் பின்னே போய் எழுத்தைத் திருத்தினால் திரையில் சரியாகத் தெரிகிறது. என்டர் தட்டினால் ‘தெரியாத கட்டளை’ என்கிறது. போர்டையும் கேபிளையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: மாற்ற வேண்டாம். ‘தெரியாத கட்டளை’ என்று போர்டு வாய் திறந்து பதில் சொல்கிறதே, கேபிள் நன்றாக இருப்பதற்கு வேறு சாட்சி எதற்கு? கோளாறு நிரலில் இருக்கிறது. அரை நாள் வேலை.

ஸ்டார்ட் என்பதற்கு எஸ், டி, ஏ, டி என்று அடித்துவிட்டீர்கள், ஆர் விட்டுப்போனது. இடது அம்பு ஒரு தட்டு, பிறகு ஆர், டி. திரையில் ஐந்து எழுத்து, அழகாக இருக்கிறது. போர்டின் நினைவகத்திலோ ஒன்பது பைட் கிடக்கிறது (ஒரு எழுத்துக்கு ஒரு பைட்). அம்புக்குறி ஒரு எழுத்து அல்ல. 27, 91, 68 என்று மூன்று எண்களாக வருகிறது. 1978-இல் வந்த விடி100 டெர்மினல் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி) காலத்து வழக்கம் இது. உங்கள் நிரல் அந்த மூன்றையும் எழுத்தென்று நினைத்துச் சேமித்து, திரைக்கும் திருப்பி அனுப்புகிறது. அதைப் பார்த்துத் திரை கர்சரை நகர்த்துகிறது. போர்டுக்கு எதுவும் தெரியாது.

சரி, திருத்தம். 27 வந்தால் சேமிக்காதீர்கள், திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த இரண்டுக்குக் காத்திருங்கள். கடைசி எண் 68 என்றால், கர்சர் நிற்கும் இடத்தைக் குறிக்கும் உங்கள் இட எண்ணில் ஒன்றைக் குறைத்து, திரைக்கு 8 அனுப்புங்கள்; கர்சர் ஒரு இடம் பின்னே போகும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். 67 என்றால் அந்த இடத்து எழுத்தையே மறுபடி அனுப்பினால் கர்சர் வலப்பக்கம் போகும். நடுவில் எழுத்தை நுழைக்கும்போது மிச்சத்தை ஒரு இடம் தள்ளி, திரையில் அச்சிட்டு, மிச்சம் எத்தனையோ அத்தனை முறை 8 அனுப்புங்கள். மேல், கீழ் அம்புகளை இப்போதைக்கு விழுங்கிவிடுங்கள்.

பேக்ஸ்பேஸ் விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. புட்டி, டெரா டெர்ம் இரண்டும் கணினியிலிருந்து போர்டுக்குக் கட்டளை அடிக்க உதவும் மென்பொருள்கள். அந்த விசைக்குப் புட்டி வழக்கமாக 127 அனுப்பும். டெரா டெர்ம் 8 அனுப்பும். ஆபீஸில் புட்டி வைத்துச் சோதித்து முடித்திருப்பீர்கள். பாகூரில் போர்வெல் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் டெரா டெர்ம் வைத்திருப்பார். அங்கே அழிக்க முடியாது. உடனே ‘போர்டு போச்சு’ என்று போன் வரும். இரண்டு எண்ணையும் அழிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வரியின் கடைசி எழுத்தை அழிக்க 8, ஒரு இடைவெளி, மறுபடி 8.

இந்த நிரலையே ‘ஷெல் பேக்கேஜ்’ என்று பெயர் வைத்து விற்கும் புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள். மைக்ரோஆர்எல் போன்ற நிரல்கள் சிறிய போர்டுகளுக்கென்றே இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு வருடம் பொறியியல் படித்த பிள்ளைக்கு அம்புக்குறி மூன்று பைட் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ரெக்கார்டு நோட்டு முடிந்ததா என்றுதான் கேட்கிறார்கள். தரகர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வருகிற ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிடும்படி நிரலில் ஒரு வரி சேர்த்து, இடது அம்பை ஒரு தட்டு தட்டுங்கள். 27, 91, 68 என்று வந்தால் அதைப் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அப்புறமும் கேபிள் என்றால் வேறு கடை பாருங்கள்.