நாகர்கோவிலிலிருந்து ஊட்டிக்குக் காரில் போகலாமா, ரயிலில் போகலாமா?

மே மாதம் வயதான அம்மையையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அப்படியானால் கோயம்புத்தூர் வரை ராத்திரி ரயில், அதற்கு மேல் பஸ்ஸோ டாக்சியோ. சொந்தக் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நானும் ஒரு தடவை காரில் போனவன்தான். 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். மதுரை, திண்டுக்கல் வரை நால்வழிச் சாலை, பிறகு ஒட்டன்சத்திரம், தாராபுரம், அவினாசி, மேட்டுப்பாளையம். ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டுவதற்குள்ளேயே எங்கள் அம்மை, "மக்கா, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று ஆரம்பித்துவிட்டாள். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது எல்லோருக்கும் முதுகு போயிருந்தது. மலை ஏற்றம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கல்லாறிலிருந்து குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

நம்ம ஊர்ப் பக்கம் பேச்சிப்பாறை ரோட்டில் ஓட்டிய தைரியம் அங்கே உதவாது. இறங்கும்போது நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பர்லியாறு பக்கம் வந்ததும் கருகிய வாடை. ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டோம். பக்கத்துப் பழக்கடைக்காரர்தான் சொன்னார்: "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர், தம்பி." எப்படியும் கார்தான் என்று முடிவு செய்தால் இதை மறக்காதீர்கள். நீலகிரிக்குள் வண்டி போக ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸும் வேண்டும். 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் அந்தத் தொல்லை இல்லை.

சரி, மலை ரயில். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணி சுமாருக்குக் கிளம்பும். நம்ம நாகர்கோவில் ராத்திரி ரயில் கோவை வந்து சேரும்போது அது புறப்பட்டிருக்கும். அதில்தான் ஏற வேண்டும் என்றால் முந்தின நாளே மேட்டுப்பாளையம் போய்த் தங்கியாக வேண்டும். மொத்தம் 46 கிலோமீட்டர், அதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்தின் மத்தியில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கிய வண்டி அது. முன்பதிவு திறந்த உடனே டிக்கெட் தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் நாள் கணக்கில் ஓடாது.

அம்மையை வைத்துக்கொண்டு அந்த 5 மணி நேரம் வேண்டாம். பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ஒரு மணி நேரம் சொச்சம் ஓடும் ரயிலில் ஏறுங்கள். அது ஒரு நாளைக்குப் பல தடவை உண்டு. வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். கேத்தி பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரமாட்டார்கள். பல்சக்கரப் பாதை மட்டும் கிடைக்காது.

ஊட்டியில் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் பக்கம் பக்கம். மே மாதம் ஊருக்குள் பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும் என்பதால் ஆட்டோதான் வசதி. தொட்டபெட்டா சிகரத்துக்கு மட்டும் டாக்சி பேசிக்கொள்ளுங்கள், வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

திரும்பும்போது ஒரு விஷயம். சீசனில் குன்னூர் வழி ஏற மட்டும், இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். ஊரெல்லாம் ஒன்றாக இறங்கும். கோவையில் ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊட்டியில் உட்காராதீர்கள், 11 மணிக்கே பஸ் ஏறிவிடுங்கள். நாங்கள் 2 மணிக்கு இறங்கப் போய், கோவை பிளாட்பாரத்தில் அம்மையைக் கையைப் பிடித்து ஓட வைத்தோம்.