பதில்: 14 வயது மகன் தனியாக நடக்க மறுக்கிறான்
வணக்கம் சகோதரி. பார்வையில்லாத உங்கள் மகன் நடக்கும்போது வலப்பக்கமே ஒதுங்கிப் போகிறான், ஒருமுறை வழி தவறியதிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போக மறுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தைப் பற்றிப் பேசும் முன் அவன் வெள்ளைக் கோலைப் பாருங்கள்.

நிமிர்த்தி வைத்தால் அது நெஞ்செலும்புக்குக் கீழே நிற்கக் கூடாது. இந்த வயதில் பிள்ளைகள் மளமளவென வளர்வார்கள், கோல் குட்டையாகிவிடும். தடை தெரிவதற்குள் கால் போய் இடிக்கும். பிடிக்கும் கை தொப்புளுக்கு நேராக இருக்கட்டும். கை இடுப்போரம் நழுவினால், கோலை இடமும் வலமுமாக வீசும் வீச்சு ஒரு பக்கம் சாயும், நடையும் கூடவே சாயும். உங்கள் மகனுக்கும் இதுவாகவே இருக்கலாம். வீச்சு தோள் அகலத்தைவிடச் சற்று அதிகம் இருந்தால் போதும். இடக்கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தட்ட வேண்டும், வலக்கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த கால் விழப்போகும் இடத்தைத்தான் கோல் முன்கூட்டிச் சோதிக்கிறது.

வழியைக் கடைசியிலிருந்து பழக்குங்கள். கடைவாசலுக்குப் பத்தடி முன்புவரை கூடப் போங்கள், மிச்சத்தை அவனே நடக்கட்டும். அது சரளமானதும் கடைசித் திருப்பத்திலிருந்து, அப்புறம் இன்னும் பின்னாலிருந்து. ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்ததோடு முடிவதால் தைரியம் தங்கும்.

விலகிப் போனால் உடனே குரல் கொடுக்காதீர்கள். நின்று, சுவரையோ ஓரத்தையோ கோலால் தேடி, கடைசியாகத் தெரிந்த அடையாளத்துக்குத் திரும்ப அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் இழந்தது அந்தத் திறமையைத்தான். ஒளிந்து பின்தொடர வேண்டாம், சொல்லிவிட்டே வாருங்கள். சாலை கடப்பதை மட்டும் பார்வையில்லாதவர்களுக்கு நடை பழக்கும் பயிற்சியாளரிடம் விடுங்கள். அதுவரை கடக்கத் தேவையில்லாத வழியையே எடுங்கள்.