தியோமான் கடலில் வந்த மூச்சுத்திணறல்: பயமா, இதயமா?

சிங்கப்பூர், தெம்பனிஸ் வாசகி (வயது 53) ஒருவரின் கடிதத்துக்கு மருத்துவர் பதில்

ஜெல்லி மீன், சுறா, காதடைப்பு, விழுங்கிய கடல்நீர், வாட்ஸ்அப்பில் வந்த ‘உலர் மூழ்கல்’ எச்சரிக்கை என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு மலேசியாவின் தியோமான் தீவில், ரெங்கிஸ் என்ற குட்டித் தீவின் பக்கம் ஸ்நோர்க்கலிங் (குழல் வழியாக மூச்சுவிட்டபடி நீர்மட்டத்தில் மிதந்து நீந்துவது) செய்துகொண்டிருந்தபோது மூச்சு வாங்கத் தொடங்கியது, இருமல் வந்தது, நுரையாகத் துப்பிய சளி இலேசாகச் சிவந்திருந்தது, கரையேறி அரைமணி நேரம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது, 49 வயதில் மாரடைப்பால் இறந்துபோன அண்ணனின் நினைவு வந்தது, மகளோ, “அம்மாவுக்குப் பயம்” என்று சொல்லிச் சிரித்தாள். என் பதிலின் பெரும்பகுதி இந்த வரிகளுக்கே உரியது. ஏனென்றால் நீங்கள் உண்மையில் அஞ்சுவது சுறாவுக்கல்ல, உங்கள் இதயத்துக்கு. அந்த அச்சத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. அதற்கு முறையான பரிசோதனை தேவை.

பதற்றத்தால் வரும் மூச்சுத்திணறலில் பெரும்பாலும் முதலில் பயம் வரும், அதன் பின்னரே மூச்சு வேகமெடுக்கும். நீங்கள் எழுதியிருப்பதோ நேர்மாறானது. அமைதியாக மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூச்சு போதவில்லை என்ற உணர்வு வந்தது, பயம் பிறகுதான் வந்தது. குழலுக்குள் தண்ணீர் புகுந்து புரையேறவும் இல்லை என்கிறீர்கள். முகமூடி அழுத்தியதால் மூக்கில் கசிந்த ரத்தம்தான் சளியில் கலந்தது என்று உங்கள் மகள் சொன்னது எல்லா நேரங்களிலும் தவறான விளக்கமன்று. முகமூடிக்குள்ளும் மேலுதட்டிலும் ரத்தம் தெரிந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் நெஞ்சிலிருந்து இருமிய நுரை சிவந்திருந்தால் அதற்கு வேறு பொருள் உண்டு. நேரில் பார்க்காமல் எந்த நோயையும் உறுதி செய்ய முடியாது. இருந்தாலும், வேறு காரணம் உண்டென்று பரிசோதனை காட்டும்வரை, இதை நீரில் மூழ்கியிருக்கும்போது ஏற்படும் நுரையீரல் நீர்க்கோர்ப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கழுத்தளவு நீரில் இறங்கிய உடனேயே, வெளியிலிருந்து வரும் நீரின் அழுத்தத்தால் கால்களிலும் வயிற்றிலும் இருந்த ரத்தத்தில் அரை லிட்டருக்கும் கூடுதலான அளவு மார்புக்குள் நகர்கிறது. இளம் வயதினரின் இதயம் இந்தக் கூடுதல் சுமையைப் பெரும்பாலும் எளிதாகத் தாங்கிக்கொள்ளும். பல ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தத்தோடு போராடிச் சுவர் தடித்து விறைத்துப்போன இதயத்தால் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. அப்போது நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, அவற்றிலிருந்து திரவம் காற்றறைகளுக்குள் கசிகிறது. ஒரு குழல் வழியாக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் உண்டாகும் உறிஞ்சும் விசை அந்தக் கசிவை மேலும் தூண்டுகிறது. பிரிட்டனின் இதய மருத்துவர் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்டும் அவருடைய சகாக்களும் 1989இல் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதியபோது, குளிர்ந்த நீரில் மூழ்குவோருக்கு வரும் சிக்கலாகவே அது பார்க்கப்பட்டது. தியோமானைப் போன்ற வெதுவெதுப்பான கடல்களிலும் அது வருகிறது என்பது இன்று நன்றாகவே தெரியும். நீரைவிட்டு வெளியேறியதும் ரத்தம் மீண்டும் கால்களுக்குத் திரும்புவதால் பலருக்கு மூச்சு சீக்கிரமே தெளிந்துவிடுகிறது. கரையில் அரைமணி நேரத்தில் சரியானதை நீங்கள் ஆறுதலான செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை என் சந்தேகத்துக்கு இன்னொரு சான்றாகவே படித்தேன்.

அன்று காலை நீங்கள் செய்தவை எனக்கு வருத்தம் தருகின்றன. மெர்சிங் துறைமுகம் வரை பேருந்து, பிறகு படகு, வழியில் கழிப்பறைக்கு அலைய முடியாது என்று, உயர் ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையை இரண்டு நாள்களாக நிறுத்தினீர்கள். வெயிலில் உடல் வறண்டுவிடக் கூடாது என்று இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, தாகமே இல்லாமல் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் குடித்தீர்கள். கூட வந்த தோழி “நடுக்கத்துக்கு நல்லது” என்று கொடுத்த ப்ரோப்ரானோலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் வகை மருந்து) மாத்திரை ஒன்றையும் விழுங்கினீர்கள். உடலில் தேங்கிய திரவம் வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, மேலும் திரவத்தை ஏற்றி, இதயம் வேகமெடுத்துச் சமாளிக்க முடியாதபடி அதற்குக் கடிவாளமும் போட்டுவிட்டு, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியிருக்கிறீர்கள். பீட்டா தடுப்பான் வகை மருந்துகள் இந்த நீர்க்கோர்ப்புக்குத் துணைபோகலாம் என்ற ஐயம் மருத்துவ உலகில் இருக்கிறது. மாத்திரை கொடுத்தவருக்கு உங்கள் ரத்த அழுத்தமும் தெரியாது, உங்கள் அண்ணனின் கதையும் தெரியாது. இந்த வகை மருந்தைத் தங்கள் மருத்துவர் சொல்லி முறையாகச் சாப்பிட்டு வருபவர்கள், இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவதும் இதயத்துக்கு ஆபத்துத்தான். சிறுநீர்ப்பெருக்கியைப் பயண நாள்களில் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டால் அவர் மாற்றித் தருவார். ஒரு நிமிடத்தில் கேட்டுவிடக்கூடிய கேள்வி அது.

எனவே ஜூன் விடுமுறையில் மீண்டும் தியோமானுக்குப் போவதற்கு முன் உங்கள் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ இதை விவரமாகச் சொல்லுங்கள். “கடலில் பயந்துவிட்டேன்” என்று சொல்லாதீர்கள். “நீரில் இருக்கும்போது மூச்சுத்திணறலும் சிவந்த நுரையோடு இருமலும் வந்தன, வெளியே வந்ததும் அடங்கின” என்று சொல்லுங்கள். இரண்டு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்த ரத்த அழுத்த அளவுகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இசிஜியும், இதயச் சுவரின் தடிப்பையும் வால்வுகளையும் காட்டும் எக்கோ பரிசோதனையும் தேவைப்படும். அண்ணனின் மரணத்தைக் கருத்தில் கொண்டு, இதயத் தமனிகளில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் இதய நிபுணர் விரும்புவார். இதயத் தமனி நோய்க்கும் மூச்சுத்திணறல் முதல் அறிகுறியாக இருக்கலாம், குறிப்பாகப் பெண்களுக்கு. மீண்டும் கடலில் இறங்கலாமா என்ற கேள்விக்கு, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் உயரழுத்த ஆக்சிஜன், முக்குளிப்பு மருத்துவப் பிரிவைப் போன்ற இடங்களில் பணியாற்றும் நிபுணர்களால் சரியான பதில் தர முடியும். ஒருமுறை இந்த நீர்க்கோர்ப்பு வந்தவர்களில் கணிசமானோருக்கு அது திரும்பவும் வருகிறது, இரண்டாவது முறை முதல் முறையைப் போல் எளிதில் அடங்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பதில் கிடைக்கும்வரை நீங்கள் ஸ்நோர்க்கலிங் செய்ய வேண்டாம், நீச்சல் குளத்தில் வேகமாக நீந்தவும் வேண்டாம்.

உங்களோடு வரும் ஐந்து குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. செய்யும் வேலைக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல் நீரில் யாருக்கு வந்தாலும், வயது எதுவாக இருந்தாலும், அந்தக் கணமே நீந்துவதை நிறுத்த வேண்டும். குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முகத்தை நீருக்கு மேலே வைத்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரைக்கோ படகுக்கோ தானாக நீந்திப் போக முயலாமல் மற்றவர் இழுத்துச் செல்ல விடவேண்டும். வெளியே வந்ததும் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, படகிலோ முக்குளிப்புப் பயிற்சி நிலையத்திலோ ஆக்சிஜன் இருந்தால் உடனே கொடுக்க வேண்டும். தேறிவிட்டார் என்று தோன்றினாலும் அன்று மறுபடியும் நீரில் இறங்க அனுமதிக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். தியோமானின் தெக்கேக் கிராமத்தில் அரசாங்க மருந்தகம் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் மெர்சிங்குக்குப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், அதுவும் படகு கிடைக்கும் நேரமாக இருந்தால். ஆகையால் “கொஞ்ச நேரம் பார்ப்போம்” என்று மாலைவரை காத்திருக்கும் வசதி அங்கே கிடையாது.

மற்ற கவலைகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ரெங்கிஸைச் சுற்றித் திரியும் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போகும் இயல்புடையவை. அவற்றைத் துரத்தாமல் இருந்தால் போதும். ஜெல்லி மீன் கொட்டினால் வினிகரை ஊற்றுங்கள், மணலைக் கொண்டு தேய்க்காதீர்கள். வலி பரவினாலோ மூச்சு முட்டினாலோ மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நீர்மட்டத்திலேயே மிதப்பவருக்குக் காது அழுத்தச் சிக்கல் வராது, ஆழத்தில் மூழ்கியவர் விமானம் ஏறுவதற்கு முன் காத்திருக்க வேண்டிய விதியும் அவருக்குப் பொருந்தாது.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வாய்க் கடல்நீரை விழுங்கிய குழந்தை தூக்கத்தில் இறந்துபோகும் என்று ‘உலர் மூழ்கல்’ என்ற பெயரில் சுற்றுக்கு விடப்படும் செய்தியை அழித்துவிடுங்கள். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் நீரில் மூழ்கலுக்கு ஒரே வரையறையை ஏற்படுத்தியபோது, ‘உலர்’, ‘இரண்டாம் நிலை’ என்ற சொற்களைக் கைவிடும்படி பரிந்துரைத்தார்கள். நீரில் தத்தளித்தவருக்குத் தொடர்ந்து இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள்ளேயே, அது வெளிப்படும். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத்தான் வேண்டும். வாரக்கணக்கில் ஒளிந்திருந்து கொல்லும் நோய் எதுவும் இதில் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் தாய்மார்களின் தூக்கத்தைக் கெடுக்கின்றன, உண்மையான அறிகுறியோ கவனிக்கப்படாமல் போகிறது. உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

ஒரு நாள் அறிமுக ஸ்கூபா (காற்றுக் கலனைச் சுமந்து நீருக்கடியில் முக்குளிப்பது) பயிற்சிக்கான உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. 45 வயதைத் தாண்டியவருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டா, 50 வயதுக்கு முன் குடும்பத்தில் இதய நோய் வந்ததா என்று அந்தப் படிவம் கேட்பது உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான். அறிமுக முக்குளிப்பில் 12 மீட்டர் ஆழம்வரை அழைத்துச் செல்லலாம். 10 மீட்டரிலேயே அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. ரெங்கிஸில் குழலைத் துப்பிவிட்டு மூச்சு வாங்க முடிந்தது. அந்த ஆழத்தில் அது முடியாது. பயத்தில் விருட்டென்று மேலே ஏறினால் நுரையீரலுக்கு இன்னொரு காயமும் சேரும். பயிற்சியாளருக்கு உங்கள் உடல்நிலை தெரியாமல் போனால், நீங்கள் இருமுவதைக்கூட அவர் தொடக்கக்காரரின் தடுமாற்றம் என்றே நினைத்துக்கொள்வார். இந்த ஆண்டு ஸ்கூபா வேண்டாம். நிபுணர் எழுத்தில் அனுமதி தந்தால் பிறகு யோசிக்கலாம்.

பரிசோதனைகள் முடியாமல் ஜூன் வந்துவிட்டாலும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. தியோமானுக்குப் போங்கள், மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுங்கள், முழங்கால் அளவு நீருக்கு மேல் இறங்காதீர்கள். ஆனால் இப்போதே, சிங்கப்பூரில் இருக்கும்போதே, மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்த வேண்டியிருந்தாலோ, கால் வீக்கம் கூடினாலோ, பதிவு செய்த நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.