ஈரக் கழிவு போக மீதி

வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.)

கே: ஐயா, எனக்கு வயது 24. மொபைல் கடையில் வேலை. இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்தின் ஐந்து வருட முடிவுகளை எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஹோம் டீம்தான் அதிகம் ஜெயிக்கிறது. சில அணிகள் குறிப்பிட்ட சில அணிகளிடம் தோற்றுக்கொண்டே இருக்கின்றன. இதைப் பார்த்துப் பந்தயம் கட்டினால் வாராவாரம் ஒரு தொகை நிச்சயம் என்கிறான் நண்பன். டெலிகிராமில் ஒருவர் இலவசமாகச் சொன்ன ஐந்தும் வரிசையாகப் பலித்தது. இனி மாதம் 2,000 கட்டச் சொல்கிறார். சேரலாமா?
– பெயர் வேண்டாம், கூடலூர்

ப: தம்பி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான வேலை. தொழிற்சாலையில் எனக்குக் கீழே இப்படி ஒரு பையன் இருந்திருந்தால், மார்ச் 31 ராத்திரிகளில் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆன்லைனில் பந்தயம் கட்டுவது 2022-ல் கொண்டுவந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். கட்டுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்தவும் விளம்பரம் செய்யவும் 2025-ல் மத்திய அரசும் தடை போட்டுவிட்டது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே என்று உங்கள் நண்பர் கேட்கலாம். அந்தத் தீர்ப்பு குதிரைக்கு. அதை வைத்துக் கால்பந்துச் செயலியில் பணம் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது.

இனி உங்கள் எக்செல். ஹோம் டீம் அதிகம் ஜெயிக்கிறது, உண்மை. நீண்ட காலக் கணக்கில் நூறுக்கு 45 சொச்சம் ஹோம் டீமுக்கு, 25 பக்கம் டிரா, மீதி வெளியூர் அணிக்கு. ஆனால் உங்கள் தாளில் 2020–21 சீசன் இருக்கிறது. அதை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 380 ஆட்டத்தில் ஹோம் டீம் ஜெயித்தது 144, வெளியூர் அணி ஜெயித்தது 153, டிரா 83. கொரோனாவால் அரங்கங்கள் பூட்டிக் கிடந்த வருடம் அது. இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கில் வெளியூர் அணிகள் முந்தியது அதுதான் முதல் முறை. நீங்கள் ஐந்து வருடத்தையும் ஒரே சாக்கில் கொட்டிக் கலக்கி சராசரி எடுத்திருக்கிறீர்கள். கொழுந்தும் முற்றிய இலையும் ஒன்றாக எடை போட்ட மாதிரி.

அதே சீசனில் லிவர்பூலுக்கு நடந்ததையும் பாருங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் அவர்கள் 68 லீக் ஆட்டம் தோற்கவில்லை. புள்ளிவிவரத்தை மட்டும் பார்க்கிறவன் பெண்டாட்டி தாலியை வைத்தாவது கட்டுவான். 2021 ஜனவரி 21 அன்று பர்ன்லி வந்து ஒரு பெனால்டியில் 1–0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அத்தோடு நிற்கவில்லை. பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், செல்சி, ஃபுல்ஹாம் என்று சொந்த மண்ணில் தொடர்ந்து ஆறு தோல்வி. தடுப்பின் தூணாக இருந்த வான் டைக் முழங்கால் போய் அக்டோபரிலேயே வெளியே உட்கார்ந்துவிட்டார். 68 என்ற எண்ணுக்குள் அவர் முழங்கால் எங்கே இருக்கிறது? 'இந்த அணி அந்த அணியிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறது' என்பதும் இதே கதைதான். லீக்கில் இரண்டு அணிகள் வருடத்துக்கு இரண்டு முறைதான் மோதும். ஐந்து மோதல் என்றால் இரண்டரை வருடம். அதற்குள் பயிற்சியாளர் மாறியிருப்பார், பாதி ஆட்டக்காரர்கள் விலை போயிருப்பார்கள். பெயரும் சட்டை நிறமும்தான் பழசு.

சரி, பழைய முடிவுகளால் பிரயோசனமே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. பிரான்ஸ் கணித மேதை புவாசோனின் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. எப்போதாவது நடக்கிற விஷயம் இத்தனை தடவை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். கால்பந்தில் கோல் அப்படிப்பட்ட விஷயம்தான். ஹோம் டீம் சராசரி 1.5 கோல், எதிரணி 1.2 கோல் என்று வைத்து நேற்று ராத்திரி கால்குலேட்டரில் தட்டினேன். ஹோம் டீம் ஜெயிக்க 44 சதவீதம், டிரா 25.5, எதிரணி 30.5. உங்கள் ஐந்து வருடத் தாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? இன்னொன்று, தனி ஸ்கோரில் அதிக வாய்ப்புள்ளது 1–1. அதுவே நூறுக்கு 12 தடவைதான் வரும். 'ஸ்கோர் சொல்கிறேன்' என்று ஒருவன் வந்தால் இந்த 12-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் டிக்சன், கோல்ஸ் என்ற இருவர் 1997-லேயே இந்தச் சூத்திரத்தைச் செப்பனிட்டு, பழைய ஆட்டத்துக்குக் குறைந்த எடை, புதிய ஆட்டத்துக்கு அதிக எடை என்று வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

1997 தம்பி. நீங்கள் பிறக்கும் முன்பே. பந்தயத்துக்கு விலை போடுகிறவன், அதாவது ஜெயித்தால் ரூபாய்க்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறவன், அதைப் படிக்காமலா இருப்பான்?

உங்கள் நண்பர் கோட்டை விட்ட இடம் இதுதான். நீங்கள் ஆர்சனலையோ லிவர்பூலையோ எதிர்த்துக் கட்டுவதில்லை, விலையை எதிர்த்துக் கட்டுகிறீர்கள். உங்கள் எக்செல்லில் இருக்கிற அத்தனையும் அந்த விலைக்குள் ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு மேல் கழிவு வேறு.

கழிவு என்றால் உங்கள் ஊரில் தொழிற்சாலைக்குத் தேயிலை போடுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார். மழை நாளில் ஏஜென்ட் தராசில் மூட்டையைத் தூக்குவார், 50 கிலோ காட்டும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துச் சீட்டில் 46 என்று எழுதுவார். வெயில் நாளிலும் ஏதாவது எழுதுகிற ஏஜென்டுகளை எனக்குத் தெரியும், அது வேறு வழக்கு. பந்தயத்தில் அந்தக் கழிவு சீட்டில் தெரியாது, விலைக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். மேலே சொன்ன ஆட்டத்துக்கு ஹோம் டீமுக்கு 2.15, டிராவுக்கு 3.70, எதிரணிக்கு 3.10 என்று விலை போட்டிருப்பதாக வையுங்கள். நூறை ஒவ்வொன்றாலும் வகுங்கள். 46.5, 27, 32.3. கூட்டினால் 105.8 வருகிறது. நூறு வர வேண்டிய இடத்தில் 105.8. அந்த 5.8-தான் ஈரம். ஹோம் டீம் மேல் 100 ரூபாய் கட்டுகிறீர்கள், 44 தடவை 215 ரூபாய் கைக்கு வரும், 56 தடவை ஒன்றும் வராது. சராசரிக்கு 94 ரூபாய் 60 காசு. உங்கள் கணிப்பு தசமப் புள்ளி வரை சரியாக இருந்தும் ஐந்து ரூபாய் நாற்பது காசு காணோம்.

நாலு ஆட்டத்தைக் கோத்து ஒரே சீட்டாகக் கட்டுவது உங்கள் வயசுப் பையன்களுக்குப் பிடிக்கும், நூறு போட்டால் இரண்டாயிரம் என்று திரையில் மின்னும். நாலு கைக்கும் கழிவு உண்டு. நூறு ரூபாயின் மதிப்பு சராசரியில் 80-க்கு வந்துவிடும். நாலு தராசு தாண்டிய மூட்டை அது.

டெலிகிராம்காரர் சொன்ன ஐந்தும் பலித்தது என்கிறீர்கள். அவர் 640 பேரிடம் ஆரம்பித்திருக்கலாம். 320 பேருக்கு 'ஹோம் டீம் ஜெயிக்கும்', மீதி 320 பேருக்கு 'ஜெயிக்காது'. தப்பாகப் போன பாதியை விட்டுவிட்டு மீதிக்கு அடுத்த வாரம் அதே வேலை. 320, 160, 80, 40, 20. ஐந்தாவது வாரம் முடியும்போது 20 பேர் அவரைக் கும்பிடுவார்கள். அதில் ஒருவர் கூடலூரில் மொபைல் கடையில் இருந்தால் ஆச்சரியமில்லை. அப்படித்தான் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஐந்து பலித்ததை வைத்து, நிஜமாகவே தெரிந்தவரையும் இப்படிச் செய்கிறவரையும் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறேன். நிச்சயம் பலிக்கும் என்றால் அவருக்கு உங்கள் 2,000 எதற்கு?

நான் யோக்கியன் என்று நினைக்க வேண்டாம். 1984 சீசனில், ஊட்டி ரேஸ் கோர்ஸில், என் முதல் போனஸ் மொத்தத்தையும் விட்டேன். ரேஸ் புக்கில் ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டமும் அச்சிட்டிருக்கும். மூன்று வாரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சாம்பல் நிறக் குதிரைகள் மழை பெய்த மறுநாள் முதல் மூன்று இடத்துக்குள் வருகின்றன என்று கண்டுபிடித்தேன். நிறம், ஜாக்கியின் எடை, கிழமை, மழை என்று இருபது விதமாகத் துழாவியிருந்தேன். இருபதைத் துழாவினால் ஒன்று பொருந்தத்தானே செய்யும்? நாலாவது வாரம் மழை பெய்தது. சாம்பல் குதிரை கடைசிக்கு முந்தியதாக வந்தது. பஸ்ஸுக்கு மட்டும் காசு மிச்சம் இருந்தது. கோத்தகிரி வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. உங்கள் தாளின் மூன்றாம் பக்கத்தில் 'திங்கட்கிழமை இரவு ஆட்டங்களில் டிரா' என்று பச்சை அடித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் என் சாம்பல் குதிரை ஞாபகம் வந்தது.

ஜெயித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். பிரைட்டன் கிளப்பின் சொந்தக்காரர் டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்டின் மேத்யூ பென்ஹாம் இருவரும் இந்த வழியில் பணம் பார்த்தவர்கள்தான். அவர்கள் இதற்கென்றே நிறுவனம் வைத்து ஆள் போட்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள். 2017-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். அணிகளைக் கணிக்கவே இல்லை; பல பந்தயக் கடைகளின் விலையை ஒப்பிட்டு, எந்தக் கடை சராசரியை விட்டு விலகி அதிகம் கொடுக்கிறதோ அங்கே மட்டும் கட்டினார்கள். லாபம் வந்தது. சில மாதத்தில் கடைக்காரர்கள் இவர்கள் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். தோற்கிறவனுக்கு அந்த வரம்பு வராது.

உங்கள் எக்செல்லை அழிக்க வேண்டாம். ஒரு சீசன், பைசா வைக்காமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் சதவீதத்தை எழுதுங்கள், முடிவைப் பக்கத்தில் எழுதுங்கள். 60 சதவீதம் என்று நீங்கள் எழுதிய ஆட்டங்களில் நிஜமாகவே நூறுக்கு 60 வந்ததா என்று மே மாதம் பாருங்கள். வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். மொபைல் கடையை விட நல்ல வேலைக்கு அந்தத் தாளே போதும்.

கே: என் மகன் கல்லூரி இரண்டாம் வருடம். ராத்திரி இரண்டு மணி வரை ஃபுட்பால் மேட்ச் என்று மொபைலோடு இருக்கிறான். 40,000 ரூபாய் கடன் வாங்கியிருப்பது அவன் நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டால், அடுத்த வாரம் எடுத்துவிடுவேன் என்கிறான். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.
– ஒரு தாய், குன்னூர்

ப: தங்கச்சி, மேலே கூடலூர் தம்பிக்கு எழுதிய கணக்கை அவனிடம் நீட்ட வேண்டாம். அவனுக்கு இப்போது கணக்கு ஏறாது. 'அடுத்த வாரம் எடுத்துவிடுவேன்' என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டிய வார்த்தை. விட்டதைப் பிடிக்கக் கட்டுகிறவன் ஒவ்வொரு முறையும் பெரிதாகக் கட்டுவான்.

கடன் யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன என்று அவன் கையாலேயே ஒரு தாளில் எழுத வையுங்கள். கடன் செயலியில் வாங்கியிருக்கிறானா என்று தனியாகக் கேளுங்கள், அதை மறைப்பார்கள். கடனைக் கொடுத்தவர் கையில் நேராக அடைத்துவிடுங்கள். மகன் கையில் மொத்தமாகக் கொடுத்தால் அதுவும் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போய்விடும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்கள் பேசுங்கள், பிறகு அவன். அவன் அப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், கடன்காரன் வீட்டுக்கு வந்து சொல்வதற்கு முன். என் போனஸ் போன கதை என் அம்மாவுக்கு ஆறு மாதம் கழித்து வேறொருவர் மூலம் தெரிந்தது. பணத்துக்காக அவர் திட்டவில்லை, ஆறு மாதத்துக்காகத் திட்டினார்.

கே: லெஸ்டர் சிட்டி ஜெயித்தபோது ஒன்றுக்கு 5,000 கொடுத்தார்களாமே?
– கல்லூரி மாணவர், ஊட்டி

ப: கொடுத்தார்கள். 2015–16 சீசன் தொடங்கும்போது லெஸ்டர் பட்டம் வெல்லும் என்பதற்கு அந்த விலை. ஜெயித்தும் விட்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மாதிரி. அதற்காக ஒவ்வொரு ஆகஸ்டும் நாம் பரிசல் வாங்கி வைப்பதில்லை. 2023-ல் அதே லெஸ்டர் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

கே: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் பந்தயமே கட்டுவதில்லையா?
– வாசகி, கேத்தி

ப: சனிக்கிழமை இங்கிலாந்தில் மதியம் 3 மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு ராத்திரி எட்டரை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். மேகம் இறங்கினால் டிஷ்ஷில் சிக்னல் போகும், கோல் விழுந்ததை அவர் பேரன் பெங்களூரிலிருந்து போனில் சொல்வான். பந்தயம் ஆட்டத்துக்கு ஒரு பாக்கெட் வர்க்கி. அவர் எந்தப் புள்ளிவிவரமும் பார்ப்பதில்லை, சட்டை நிறம் பிடித்த அணியைச் சொல்வார். இன்றைய தேதிக்கு நான் அவருக்கு ஏழு பாக்கெட் பாக்கி.