கரையும் பிளாஸ்டிக்கில் பரம்பரையலகு: வயலை விற்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம். மூன்று கிழமைக்கு ஒருக்கா மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றுகிறோம். மூத்த மகள் சுகமாக இருக்கிறாள். உடம்புக்குள் கரைந்துபோகிற பிளாஸ்டிக் மணியில் நல்ல பரம்பரையலகை வைத்து ஊசி போட்டால் இந்த வருத்தம் மாறிவிடும் என்று சுவிஸிலுள்ள அண்ணா வீடியோ அனுப்பினார். பிளாஸ்டிக் உள்ளே போனால் புற்றுநோய் வராதா? வெளிநாடு போகவேண்டுமென்றால் வயலை விற்கவும் தயார். இரும்பு இறக்கும் குளிசையை மகன் துப்புவதால் இரண்டு மாதமாகக் கொடுக்கவில்லை.
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் காணி உறுதியை அலுமாரிக்குள் திரும்ப வையுங்கள், தங்கச்சி. அண்ணா அனுப்பியது பொய்யில்லை, ஆனால் அது இன்னும் ஆய்வுகூடத்து வேலை. தலசீமியாவுக்கு அப்படி ஓர் அங்கீகரிக்கப்பட்ட ஊசி எந்த நாட்டிலும் இல்லை. இருக்கிறது என்று யாராவது முற்பணம் கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் என்றதும் கடைப் பைதான் உங்கள் கண்ணுக்கு வந்திருக்கும். பிள்ளைப்பேற்றில் உங்களுக்குத் தையல் போட்டிருந்தால், அந்த நூலை யாரும் வெட்டி எடுக்காமலே அது காணாமல் போனது நினைவிருக்கலாம். அந்த நூலும் பொலிமர்தான். இலத்திக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் சங்கிலியாகக் கோத்தது. நீர் பட்டுப் பட்டுக் கண்ணி அறுந்துவிடும். வயலில் கடுமையாக வேலை செய்தால் தசையில் ஊறுவதும் அதே இலத்திக் அமிலம்தான். நண்டு, இறால் கோதிலிருந்து எடுக்கும் கைற்றோசானையும் இந்த வேலைக்குச் சோதிக்கிறார்கள். (அதற்காக வாவி நண்டு ரசம் வைத்துக் கொடுத்தால் தலசீமியா மாறாது. கேட்டவர்கள் இருக்கிறார்கள்!)

பரம்பரையலகை வெறுமனே ஏன் ஊசியில் ஏற்றக்கூடாது? இரத்தத்திலுள்ள நொதியங்கள் அதைத் துண்டாடிவிடும். போதாததற்கு பரம்பரையலகு எழுதப்பட்டிருக்கும் இழையான டி.என்.ஏ. மறையேற்றம் கொண்டது, கலத்தின் மேற்பரப்பும் அப்படியே, ஒன்றையொன்று தள்ளும். நேரேற்றமுள்ள பொலிமரைச் சேர்த்தால் அந்த நீள இழை சுருண்டு, 100 நனோமீற்றர் அளவு உருண்டையாகிவிடும். கலம் அதை விழுங்கி, ஒரு சின்னப் பைக்குள் போட்டுச் செரிக்கப் பார்க்கும். அதற்குள் அந்தப் பையை உடைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். 1995இல் அறிமுகமான பொலிஎதிலீன்இமின் இதில் கெட்டிக்காரன். ஆனால் உடையாமல் கிடந்து கலத்தையே நஞ்சாக்கிவிடும். 2000இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேலையை முடித்து உடைகிற பொலி பீற்றா அமினோ எஸ்தர்களை இதற்கென உருவாக்கினார்கள். ஆக, நீங்கள் பயப்படுகிற அந்தக் கரைதல்தான் இதிலுள்ள பாதுகாப்பே. பரம்பரையலகைக் கொண்டுபோக வைரசை வாகனமாக்கிய ஒரு பரிசோதனையில் 1999இல் அமெரிக்காவில் 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்த பிறகு, வைரசில்லாத வழிகள் மேல் அக்கறை கூடியது.

சிக்கல் வேறிடத்தில். ஊசியில் போகும் உருண்டைகளில் பெரும்பகுதி ஈரலில் தங்கிவிடும். உங்கள் மகனின் குறையோ இரத்தம் ஊறும் எலும்பு மச்சையில். வழியிலேயே கரைந்தால் உள்ளேயிருக்கும் பரம்பரையலகுச் சரக்கு வீண். கரையாமல் இறுகி நின்றால் உள்ளே போயும் சரக்கு இறங்காது.

தலசீமியாவுக்கு அனுமதி பெற்ற பரம்பரையலகுச் சிகிச்சைகள் உண்டு. 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்ஜெவி 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு. அதில் பொலிமர் இல்லை. கலங்களை வெளியே எடுத்து, மின்துடிப்பால் திறந்து, திருத்தி, கடுமையான மருந்தால் பழைய மச்சையை அழித்த பின் திரும்ப ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டொலர். உங்கள் வயல் எத்தனை ஏக்கர் என்று நான் கேட்கப்போவதில்லை.

என்னைத் தூங்கவிடாதது உங்கள் கடைசி வரிதான். ஏற்றும் ஒவ்வொரு பைன்ற் இரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. இதயத்திலும் ஈரலிலும் படியும். நாளைக்கு எந்தப் புதுச் சிகிச்சை வந்தாலும் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான். இப்போது துப்புகிற குளிசைதான் அவனை அந்த வரிசையில் நிறுத்தப்போகிறது.

ஆனாலும் நாளைக்கே பழைய அளவில் தொடங்காதீர்கள். கிளினிக் கொப்பியோடு போய், இரண்டு மாதம் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை. பெரிற்றின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீரகம், ஈரல் எல்லாம் பார்த்து அளவு சொல்வார்கள். கரைத்துக் குடிக்கும் வகைக் குளிசையா என்றும் கேளுங்கள். அதுவானால் தோடம்பழச் சாற்றில் கரைத்துக் கொடுக்கலாம், துப்புவது குறையும். அப்படியே மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு மூத்தவளின் மச்சை தம்பிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை பற்றியும் விசாரியுங்கள். கூடப்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.